படிமமும் பட்டறையும்

பழம்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் மண்டபத்துக்கு இலங்கைத் தமிழர் வழங்கிவரும் பெயர் நூதனசாலை. நூதனம் என்றால் புதுமை. தமிழகத்தார் அருங்காட்சியகம் என்பர். நாமோ புதுமைச்சாலை என்கிறோம். முதலிற் கேட்போருக்கு இப்பெயர் பொருந்தாததுபோலத் தோன்றும். சிறிது சிந்தித்தால் இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்பது விளங்கும். ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்த மண்ணின் உழைப்பாளி ஒருவன் தன் கையாற் செய்து, கோயிலிலும் வீதியிலும் எல்லோரும் கண்டு பழகிய பொருள், இன்று அவன் வழிவந்தவனுக்கே புதினமாகிவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் அது நிற்கிறது. இப்பால் இவன் அந்நியனைப்போல நிற்கிறான். இவ்விருவருக்குமிடையே என்ன நேர்ந்தது? இக்கட்டுரை அவ்வினாவைப் பற்றியது.

நாம் படிப்பிப்பது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி எமது நாட்டை இரண்டாகப் பிரிக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்டது எழுவான்கரை. வயலும் காடும் சார்ந்தது படுவான்கரை. ஞாயிறு எழுவதும் படுவதும் பற்றி ஏற்பட்ட பெயர்கள் இவை. எனினும் செல்வமும் வசதியும் எழுந்த கரை எது, படுத்த கரை எது என்பதையும் அவை சொல்லாமற் சொல்கின்றன. நகரமும் பெரிய பாடசாலைகளும் எழுவான்கரையில் உள்ளன. நெல்லும் பாலும் விறகும் படுவான்கரையிலிருந்து போகின்றன. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை எம்மவர் பலர் ‘பாதை’ என்று வழங்கும் மிதவையில் ஏறியே அக்கரை சென்றனர். நெடுங்காலம் நடந்த போரின் சுவடுகள் அழியாத வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளே எமது மாணவர்.

இவர்கள் கலையறியாதவர்கள் அல்லர். வட்டக்களரியில் மத்தளம் முழங்க, கரப்புடுப்பு உடுத்து வடமோடி ஆடியவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். வைகாசியிற் கண்ணகியம்மன் கதவு திறந்தால் குளிர்த்தி பாடி முடியும்வரை கோயில் வெளியிலேயே உறங்குபவர்கள். வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூல் இச்செல்வத்தைத் தொகுத்துக் காட்டியது. அதே காலத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் எம் ஊர் அண்ணாவிமாரைப் பேராதனைக்கு அழைத்துப் பல்கலைக்கழக மேடையிற் கூத்தை ஏற்றினார். அவ்வாறிருந்தும், ‘கலை என்றால் யாது?’ என்று பரீட்சைத் தாளிற் கேட்டால் எம் மாணவர் எழுதும் விடை அசந்தா, சிகிரியா, மைக்கலாஞ்சலோ. தம் அப்பப்பா ஆடிய கூத்தையோ, அம்மம்மா இழைத்த பாயையோ அவர்கள் அந்த விடையில் எழுதுவதில்லை. கலை என்பது வேறு யாரோ, வேறெங்கோ, பெரியவர்களுக்காகச் செய்த ஒன்று என்ற எண்ணம் அவர்கள் நெஞ்சில் ஊன்றிவிட்டது. அதை ஊன்றியதில் எம்போன்ற ஆசிரியருக்கும் பங்குண்டு; பாடப்புத்தகத்துக்கும் உண்டு.

இவ்வெண்ணத்தைச் சற்று அசைத்துப் பார்க்கலாம் என்றே, ஆடி மாதத்து வாரவிடுமுறை ஒன்றில், உயர்தர வகுப்பு மாணவர் பதினெண்மரோடு ஆசிரியர் மூவரும் பொலன்னறுவைக்குப் புறப்பட்டோம். கொழும்பு நூதனசாலையே பெரியது. 1877 இல் தேசாதிபதி கிறெகரி காலத்தில் திறக்கப்பட்டது. ஆனால் கொழும்புக்குப் போய்வரும் செலவைக் கூலிவேலை செய்யும் குடும்பங்கள் தாங்கமாட்டா. பொலன்னறுவை புகையிரதப் பாதையில் எமக்கு அண்மையில் உள்ளது. தாய்மார் கட்டுச்சோறு தந்தனர். ஒரு மாணவிக்கு மற்றவர்கள் சேர்ந்து பயணச்சீட்டு எடுத்தார்கள். அதை எமக்குத் தெரியாமற் செய்துவிட்டதாக அவர்கள் எண்ணிக்கொண்டார்கள்.

ஏறாவூர், சித்தாண்டி, வாழைச்சேனை கடந்து புனானைக் காட்டுக்குள் வண்டி புகுந்தபோதே கச்சான் வீசத் தொடங்கிவிட்டது. எம் நாட்டார் கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து வரும் வரண்ட காற்று. மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, அனலாக இறங்கும். அது வீசும் நாளில் வாவியோரத்து வேம்புகூட வாடி நிற்கும். வெலிக்கந்தையையும் மன்னம்பிட்டியையும் தாண்டிக் கதுருவெலையில் இறங்கியபோது வெயில் தலையிற் குத்தியது. பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டில் நீரைத் தொட்டு வந்த காற்றும் சுட்டது. இடிந்த கோயில்களின் கல்லிற் கால்வைக்க இயலவில்லை. ஆகவே முதலில் நூதனசாலைக்குள் நுழைந்தோம். உண்மையைச் சொல்வதானால், அன்றைக்கு அங்கு வந்திருந்தோரிற் பாதிப்பேர் எம்மைப்போல நிழலை நாடி வந்தவர்களே. இதில் இழிவொன்றுமில்லை. கோயிலுக்கும் மனிதர் நிழல் தேடித்தான் போகின்றனர்.

அந்நூதனசாலை நகரின் அமைப்பை ஒட்டியே வகுக்கப்பட்டுள்ளது. அரண்மனைப் பகுதி, புறநகர், துறவிமடங்கள், சுற்றுப்புறம், இந்துக் கோயில்கள் என்று அறை அறையாகச் செல்லலாம். கூரையிழந்து நிற்கும் வட்டதாகே அந்நாளில் எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் மாதிரி ஒன்று உண்டு. பழைய மருத்துவசாலையிற் கிடைத்த அறுவைக் கருவிகள் விஞ்ஞானப் பிரிவு மாணவரை நெடுநேரம் நிறுத்திவைத்தன. எனினும் எல்லோரும் ஒருங்கே மௌனமானது இறுதியில், வெண்கலப் படிமங்கள் இருந்த இடத்தில்.

பொலன்னறுவைச் சிவாலயங்களின் படிமங்களைப் பற்றி ஓரளவு கூறவேண்டும். தொல்பொருள் ஆணையாளர் எச். சி. பி. பெல் 1907, 1908 ஆம் ஆண்டுகளில் இங்கு அகழ்ந்தபோது ஒரு தொகுதி கிடைத்தது. 1960 இல் இன்னொரு தொகுதி வெளிப்பட்டது. நடராசர், சிவகாமி, நாயன்மார் எனப் பல. சில கொழும்பில் உள்ளன, சில இங்கே உள்ளன. ஆனந்த குமாரசுவாமி 1914 இல் இலங்கை வெண்கலங்களைப் பற்றித் தனிநூல் எழுதினார். சேர் பொன்னம்பலம் அருணாசலம் இப்படிமங்களின் சைவத் தத்துவத்தை விளக்கினார். இவை யாவும் நூலிற் படித்தவை. மாணவருக்குச் சொல்ல ஆயத்தமாக வந்திருந்தவை. நாம் வாய் திறக்குமுன் ஒரு மாணவன் முந்திக்கொண்டான். அவனது தந்தையார் எம் ஊரிற் கொல்லுப்பட்டறை வைத்திருப்பவர். வேளாண்மைக் காலத்தில் அரிவாளும் கத்தியும் அடித்துக் கொடுப்பவர்.

“சேர், இதில ஒட்டு எங்க இருக்கு?”

“ஏன் மனே கேக்கிறாய்?”

“எங்கட பட்டறையில எத ஒட்டினாலும் தழும்பு விழும். இதில சடை விரிஞ்சு கிடக்கு. கால் அந்தரத்தில நிக்குது. ஒரு தழும்பும் காணல்ல.”

தத்துவம் பேச வந்த எமக்கு அவ்வினா பெரும் உதவியாயிற்று. அவன் ஆட்டத்தின் உட்பொருளைக் கேட்கவில்லை. எந்த அரசன் காலத்தது என்றும் கேட்கவில்லை. எப்படிச் செய்தார்கள் என்று கேட்டான். அது தொழிலறிந்தவன் வினா. தன்னைப்போன்ற இன்னொருவன் அங்கே நின்று வேலை செய்திருக்கிறான் என்பதை அந்த வினாவே ஒப்புக்கொள்கிறது. அந்தக் கணத்திற் கண்ணாடி விலகிவிட்டது என்றே சொல்லவேண்டும்.

ஒட்டு இல்லை, ஏனெனில் ஒட்டவேயில்லை. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கலந்து இளக்கி, சிற்பி முதலில் மெழுகில் உருவத்தைச் செய்கிறான். விரல்நகம், அணிகலன், ஆடையின் மடிப்பு யாவும் மெழுகிலேயே அமைகின்றன. அதன்மேல் ஆற்று வண்டலை மெல்லிய சேறாகப் பூசி உலர்த்துகிறான். பின்பு சற்றுத் தடித்த மண், அதன்மேல் இன்னும் தடித்த மண். துளை விட்டுச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே வெறுமை எஞ்சும். அவ்வெறுமைக்கு உருவம் உண்டு. அதிலே உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறான். செம்பு உருக 1,085 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். ஆறியபின் மண் அச்சை உடைத்துப் படிமத்தை வெளியே எடுக்கிறான். அச்சு ஒருமுறைதான் பயன்படும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரு படிமம். அதே படிமம் இன்னொன்று உலகிற் பிறவாது. வார்ப்பிற் சிறு குமிழி ஏற்பட்டாலும் அத்தனை வேலையும் பாழ். கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ள சுவாமிமலையில் இன்றும் இம்முறையில் வார்க்கும் குடும்பங்கள் உள்ளன.

கச்சான் வீசும் நாளில் நிழல் தேடி ஓடிவந்த நாம் அவ்வுலையை எண்ணிப் பார்த்தோம். துருத்தி ஊதியவன் எவன்? கரி சுட்டவன் எவன்? காட்டிலே தேனடை எடுத்தவன் எவன்? வண்டல் அரித்துப் பிசைந்த கை யாருடையது? செம்பு எங்கிருந்து வந்தது? இறுதி வினாவுக்குக் கலை வரலாற்றறிஞர் வித்யா தெகேசியா அண்மையில் ஒரு விடையை முன்வைத்துள்ளார். சோழர் வார்த்த படிமங்களுக்கு வேண்டிய செம்பு தமிழகத்தில் இல்லை. அது இலங்கையின் சேருவிலவிலிருந்து சென்றிருக்கலாம் என்பது அவர் கருத்து. சேருவில எமது மாவட்டத்தின் வட எல்லைக்கு அப்பால், வெருகல் ஆற்றைத் தாண்டினால் வரும் இடம். அங்கே செம்புப் படிவு இருப்பது 1971 இற் கண்டறியப்பட்டது. இக்கருத்து இன்னும் ஆய்வுக்குரியதே. ஆயினும் அது மெய்யாயின், தஞ்சைக் கோயில்களின் அழகிற் கீழ்மாகாணத்துச் சுரங்கக் கூலியின் வியர்வையும் கலந்துள்ளது.

அரசர் பெயரெல்லாம் எமக்குத் தெரியும். தானம் கொடுத்த தேவியர் பெயரும் தெரியும். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் படிமத்தின் உயரத்தையும், கைகளின் தொகையையும், அணிகலன்களின் நிறையையும் நுணுக்கமாகக் குறிக்கின்றன. வார்த்தவன் பெயரை அங்கே காண்பது அரிது. பொன்னை நிறுத்து எழுதியவர்கள் கையை நிறுத்து எழுதவில்லை. இது வரலாற்றின் மறதி என்று சொல்லி அமைதியடைதல் தகாது. எதை எழுதுவது, எதை விடுவது என்று முடிவு செய்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் உலைக்களத்தில் நின்றவர்கள் அல்லர்.

இவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில் மற்றொரு மாணவன் பெருமிதத்தோடு சொன்னான்: “எங்கட சோழர் செய்தது சேர். இந்த ஊர நாங்கதான் ஆண்டனாங்க.” அவன் சொன்னதிற் செய்தி ஒன்று உண்டு. 993 அளவிற் சோழர் படை இலங்கைக்கு வந்தது, அநுராதபுரம் வீழ்ந்தது, பொலன்னறுவை சனநாதமங்கலம் என்ற பெயரிற் சோழரின் தலைநகராயிற்று. 1017 இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டான். 1070 இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றினான். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஆட்சி. அவ்வாட்சியில் விகாரைகள் கொள்ளையிடப்பட்டன என்று சூளவம்சம் புலம்புகின்றது. வானவன்மாதேவி ஈச்சரம் என்ற அழகிய கற்கோயில் எழுந்ததும் அவ்வாட்சியிலேதான். இரண்டும் ஒரே வாளின் இரு புறங்கள்.

நாம் விடை சொல்லுமுன், பின்னால் நின்ற மாணவி ஒருத்தி அவனுக்குச் சொன்னாள்: “ஆண்டது ராசா. நீயும் நானும் அப்ப இருந்திருந்தா குளந்தான் வெட்டியிருப்பம்.”

எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். ஆனால் அச்சிரிப்புக்குள் ஒரு வரலாற்று நூலின் சாரம் அடங்கியிருந்தது. ‘நாங்கள்’ என்னும் சொல் மிக எளிதாக ஏமாற்றிவிடும். சோழர் என்றால் நாங்கள், பராக்கிரமபாகு என்றால் அவர்கள் என்று எமது பக்கத்திற் பேசுகின்றனர். அப்பக்கத்திலும் அவ்வாறே மாற்றிப் பேசுகின்றனர். பராக்கிரமபாகு 1153 முதல் 1186 வரை ஆண்டான். அவனது பெருங்குளத்துக்கு மண் சுமந்தவன் பெயரும் எழுதப்படவில்லை. சோழன் கோயிலுக்குக் கல் சுமந்தவன் பெயரும் எழுதப்படவில்லை. எழுதப்படாத அவ்விருவரும் ஒரே இனத்தவர். நாம் ‘நாங்கள்’ என்று சொல்லுமிடத்து அவர்களைச் சேர்த்தே சொல்லவேண்டும்.

அவ்வேளையில் வெள்ளுடை உடுத்த மூதாட்டி ஒருவர், தம் குடும்பத்தாரோடு வந்தவர், நடராசர் முன் நின்று இரு கைகளையும் கூப்பினார். “ஈஸ்வர தெய்யோ” என்று மெல்லச் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. எம் மாணவர் பலருக்குச் சிங்களம் வராது. அவர் வெளியிலிருந்த வெயிலைக் கைச்சைகையாற் காட்டி, தம் பையிலிருந்த தோடம்பழங்களை எடுத்து அருகில் நின்ற மாணவிகளின் கையில் வைத்தார். நூதனசாலைக்கு அது கலைப்பொருள், மூதாட்டிக்குத் தெய்வம், பட்டறை மகனுக்கு வேலைப்பாடு. மூன்றும் உண்மையே. அங்கே யாரும் ‘இது எவருடையது?’ என்று அவரைக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

வெயில் சற்றுத் தாழ்ந்தபின் பழைய தலதாப் பெருமண்டப வெளிக்குச் சென்று வேளைக்காரர் கல்வெட்டைக் காட்டினோம். 12 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது, தமிழில் வெட்டப்பட்டது. விசயபாகு இறந்தபின், புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டதை அது கூறுகின்றது. வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் எனப் பல பிரிவினர் அதிற் சேர்ந்துள்ளனர். அக்கோயிலுக்கு அவர்கள் தம் பெயரையே இட்டனர்: மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப்பெரும்பள்ளி. புத்தரின் தந்தத்தைக் காக்கத் தமிழிற் செய்த உறுதி! இதனைத் தமிழரின் பெருமை என்று முழங்குவதும் பிழை; இது இங்கே இல்லாததுபோல நடப்பதும் பிழை. அவர்கள் கூலிப்படையினர். உயிரை விற்றுப் பிழைத்தவர்கள். ஆயினும் மதமும் மொழியும் இன்று போல அன்று வேலி கட்டிக்கொள்ளவில்லை என்பதற்கு அந்தக் கல்லைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. மாணவர் எழுத்துக்கூட்டிப் படித்தனர். சில எழுத்துகள் அவர்களுக்கு இலகுவாக வந்தன. தொள்ளாயிரம் ஆண்டு இடைவெளியில் அது சிறிய செய்தி அன்று.

இனி, அன்றைய நாளில் நாம் காணாத ஒரு படிமத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். காணாமைக்குக் காரணம், அது இலண்டனில் இருப்பதே. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையிற் கண்டெடுக்கப்பட்டதாகக் குறிக்கப்படும் தாரைப் படிமம் அது. 8 ஆம் நூற்றாண்டினது. பொன்முலாம் பூசிய வெண்கலம். 143 சதமமீற்றர் உயரம். உள்ளே வெறுமையின்றிக் கனமாக வார்க்கப்பட்டது. 1812 முதல் 1820 வரை இலங்கைத் தேசாதிபதியாயிருந்து, 1815 இற் கண்டியைக் கைப்பற்றிய றொபேட் பிரவுன்றிக் என்பாரிடமிருந்து 1830 இல் அது பிரித்தானிய நூதனசாலைக்குச் சென்றது. இடுப்பின்மேல் ஆடையற்ற அவ்வுருவத்தைப் பொதுமக்கள் பார்ப்பது தகாது என்று கருதி, ஏறத்தாழ முப்பது ஆண்டு அதனைக் களஞ்சியத்தில் வைத்து, அறிஞருக்கு மட்டும் காட்டினர். இதனை அந்நூதனசாலையின் இயக்குநராயிருந்த நீல் மக்கிரெகரே 2010 இல் வானொலியில் எடுத்துரைத்தார். வணங்குவதற்காக வார்க்கப்பட்ட உருவம் நாணத்தக்கதென ஒளிக்கப்பட்டது. கண்ணின் குற்றம் செம்பின் மேல் ஏற்றப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. நெடுங்காலம் அப்படிமத்துக்குப் பத்தினித் தெய்வம் என்றே பெயர் வழங்கினர். பின்னரே தாரை எனத் தெளிந்தனர். பத்தினி என்பது யார்? எமது கண்ணகியே. சிங்களவர் பத்தினி என்றும் நாம் கண்ணகி என்றும் வழிபடும் ஒருத்தி. வாவிக்கரை ஊர்களிற் கண்ணகி கோயில்கள் எத்தனை! அறியாமையாற் கொடுத்த அப்பெயரிலும் எம் கரைக்கு ஓர் உறவு இருக்கின்றது. பௌத்த மகாயானத் தாரையை வார்த்தவனுடைய மொழி எது, அவன் எவ்வூரான் என்று படிமம் சொல்லாது. அவன் உலை இக்கீழ்க்கரை மக்களின் காற்றிலே எரிந்திருக்கலாம்.

கொண்டுபோனவை திரும்பவேண்டும் என்ற கோரிக்கை புதியதன்று. கண்டியரசரின் அரியணை 1934 இல் திரும்பிவந்தது. 1975 இற் கொழும்பு நூதனசாலையினர் வெளிநாடுகளிலுள்ள இலங்கைப் பொருள்களைத் தொகுத்து ஒரு பட்டியலே வெளியிட்டனர். 1765 இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து எடுத்துச்சென்ற லெவுக்கே திசாவையின் பீரங்கி உட்பட ஆறு பொருள்களை நெதர்லாந்து 2023 இல் மீளக் கையளித்தது. தாரையும் ஒருநாள் வரவேண்டும். அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் கோரிக்கை எழுப்பும் அதே வாயால் இன்னொன்றையும் கேட்கவேண்டும். இலண்டனிலிருந்து கொழும்புக்கு வந்த தாரையைப் படுவான்கரைப் பிள்ளை எப்படிப் பார்க்கும்? அப்பிள்ளைக்குக் கொழும்பும் இலண்டன்தான். பொருள் நாடு திரும்பினாற் போதாது, மக்களிடம் திரும்பவேண்டும். கோட்டைக்குள்ளிருந்து கோட்டைக்குள் மாறுவது மீட்பு ஆகாது.

வாவிக்கரையிற் பெரிய கலைக்கூடம் எழுந்தால் மகிழ்ச்சியே. காத்தான்குடி மக்கள் தம் வரலாற்றைக் காட்டப் பூர்வீக நூதனசாலை ஒன்றை அமைத்தனர், அம்முயற்சி போற்றத்தக்கது. ஆனால் அரசு கட்டித் தரும்வரை ஆசிரியர் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் மறைந்துபோன யாழைப் பழைய நூல்களின் குறிப்புகளைக் கொண்டே ஆராய்ந்து, 1947 இல் யாழ்நூலை வெளியிட்டார். இல்லாத பொருளை அவர் தேடினார். நாமோ இருக்கும் பொருளையும் தேடாதிருக்கிறோம்.

பயணத்துக்குப்பின் ஒரு நாள் அம்மாணவனின் தந்தையாரை வகுப்புக்கு அழைத்தோம். முதலில் அவர் மறுத்தார். “நான் படிக்காதவன் ஐயா, பள்ளியில வந்து என்னத்தச் சொல்ற?” என்றார். பின்பு வெள்ளைச் சாரமும் சட்டையுமாக வந்து, கதிரையில் அமராமல் நின்றுகொண்டே பேசினார். இரும்பின் நிறம் பார்த்துச் சூட்டை அறிவது எப்படி, எந்த நிறத்தில் அடிக்கவேண்டும், எந்த நிறத்தில் நீரில் தோய்க்கவேண்டும் என்று சொன்னார். தம் பாட்டனார் கோயில் மணியும் குத்துவிளக்கும் வார்த்தவர் என்றும், மெழுகு வார்ப்பு அவரோடு போய்விட்டது என்றும் சொன்னார். “அலுமினியமும் பிளாத்திக்கும் வந்த பிறகு ஆர் ஐயா வாங்குவாங்க? அப்பா அரிவாளோட நிண்டுட்டார். இவன் அரிவாளும் அடிக்க மாட்டான், படிக்கட்டும்.” மகன் தலைகுனிந்திருந்தான். அவ்வகுப்பறையில் அன்று வரை ஒருவரும் அவரை ஆசிரியர் என்று நினைத்ததில்லை. கொல்லுப்பட்டறைக்கு வாயிலிலிருந்தே கத்தி வாங்கிப் போகும் வீடுகளின் பிள்ளைகளும் அங்கே இருந்தனர். அவர் போகும்போது அவர்கள் எழுந்து நின்றனர். வகுப்புத் தலைவன் சொல்லி அவர்கள் எழவில்லை.

இங்கேதான் எமது பிரச்சினையின் வேர் உள்ளது. படிமத்தைக் கும்பிட்டோம், வார்த்தவனைத் திண்ணையில் ஏற்றவில்லை. மத்தளத்தை விரும்பினோம், பறையடித்தவனைத் தெருக்கோடியில் நிறுத்தினோம். கையால் வேலை செய்பவன் தாழ்ந்தவன் என்ற சாதி நியாயமே, கலையை உழைப்பிலிருந்து பிரித்து, அதனைக் கண்ணாடிக்குள் வைத்த முதற் கை. வெள்ளையன் கொள்ளையிட்டது அதற்குப் பின்னர். கைவினைஞனுக்குப் பள்ளியிற் பெருமை இல்லாதபோது, அவன் மகன் தொழிலைக் கைவிடுவதை யார் குறைசொல்ல முடியும்? அவன் படிக்கட்டும், பொறியியலாளனாகட்டும். ஆனால் தன் பாட்டன் அறிந்தது அறிவுதான் என்று தெரிந்துகொண்டு படிக்கட்டும்.

ஆசிரியத் தோழருக்கும் மாணவருக்கும் நாம் முன்வைப்பது சிறிய வேலைத்திட்டமே. ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரிலுள்ள கைத்தொழில்களைக் கணக்கெடுக்கலாம்: பாய் இழைப்போர், மட்பாண்டம் வனைவோர், தோணி கட்டுவோர், கூத்துக்கு முடியும் உடுப்பும் செய்வோர், மத்தளம் கட்டுவோர். பொருளை வாங்கி அலமாரியிற் பூட்டுவது முதல் வேலையாகாது. செய்பவரின் பெயர், ஊர், கற்ற விதம், கருவிகளின் பெயர், ஒரு பொருளுக்குச் செல்லும் நாட்கள், கிடைக்கும் கூலி ஆகியவற்றை மாணவர் கையாலேயே எழுதி வைக்கவேண்டும். தொழிற் சொற்கள் பல இன்னும் எந்த அகராதியிலும் ஏறாதவை. அவற்றை எழுதுவதே தமிழ்த்தொண்டு. எழுவான்கரைப் பாடசாலையும் படுவான்கரைப் பாடசாலையும், தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் தம் ஏடுகளை மாற்றிக்கொள்ளலாம். மருதமுனையின் தறியும் படுவான்கரையின் பட்டறையும் ஒரே ஏட்டில் வரட்டும். அருகிலுள்ள சிங்களக் கிராமத்துப் பள்ளியும் சேருமானால் அவ்வேடு இன்னும் நிறைவுறும்.

எமது வகுப்பு இவ்வேட்டைத் தொடங்கிவிட்டது. முதற் பக்கத்தில் எவ்வரசன் பெயரும் இல்லை. கொல்லுத்தொழிலில் வழங்கும் நாற்பத்தொரு சொற்கள் அதில் உள்ளன. அவற்றுட் பாதியை, தமிழ் படித்துப் பட்டம் பெற்ற நாம், அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.